வந்து வந்து போகும் கரண்ட் கோளாறு: பழைய பாயிண்ட் புல்லட்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் மின் இணைப்பை ஒரே தாளில் வரைந்துவிடலாம். பேட்டரி, ஃபியூஸ், ஆம்ப் மீட்டர், சாவி ஸ்விட்ச், காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை உயர்த்துவது), பாயிண்ட் (காயிலின் கரண்ட்டைத் திறந்து மூடும் தொடுமுனை), கண்டன்சர் (பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காப்பது), மேக்னட் (ஓடும்போது கரண்ட் உற்பத்தி செய்வது), ரெக்டிஃபையர் (அந்த ஏ.சி.யை டி.சி.யாக்குவது), நாலைந்து பல்பு, ஒரு ஹாரன். இவ்வளவு எளிய வண்டியில்தான் காயில் மாற்றி, கண்டன்சர் மாற்றி, பேட்டரி மாற்றி, கடைசியில் ஒயரிங் கிட்டையே மாற்றியும் கோளாறு தீராமல் பலர் அலைகிறார்கள். காரணம், கோளாறு நிரந்தரமாக இல்லை. பாதி வழியில் வண்டி நிற்கும். பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் அங்கே அழகாக ஓடும். ஓடுகிற வண்டியில் தேடினால் எதுவும் சிக்காது.

ஆகவே கோளாறு தானாக வரும் என்று காத்திராமல் அதை வரவழைக்க வேண்டும். அது வருவதற்கு நான்கு வழிதான்: அதிர்வு, சூடு, ஈரம், ஹேண்டில்பார் திரும்புவது. எப்போது வருகிறது என்று சரியாகக் கவனித்து வைத்தாலே எங்கே தேடுவது என்பது பாதி தெரிந்துவிடும். இன்னொன்று: இருபது வருடம் தாண்டிய வண்டியில் பாகம் கெட்டிருப்பதைவிட இணைப்பு கெட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அளந்து பார்த்து உறுதியாகாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

இங்கே தரும் அளவுகள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை ஃப்ரேமோடு இணைந்தது), பாயிண்ட் வைத்த வண்டிக்கானவை. பழைய 6 வோல்ட் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. எனவே முதலில் பேட்டரியின் எந்த முனை ஃப்ரேமுக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். பேட்டரியும் பாயிண்ட்டும் உள்ள மற்ற பழைய வண்டிகளுக்கும் முறை இதுவே. அளவு மட்டும் மாறும்.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, விலை குறைந்ததே போதும். 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, முனையில் குரோக்கடைல் கிளிப் போட்ட டெஸ்ட் லேம்ப். மீட்டர் மட்டும் போதாது: ஒரே ஒரு நூலிழை செம்பு மீதமிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12.6 வோல்ட் காட்டும். அந்த ஒயரால் பல்பை எரிக்க முடியாது. லோடு கொடுத்தால்தான் பழைய ஒயரின் உண்மை தெரியும். இவற்றோடு பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நைஸ் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், ஃபியூஸ் ஹோல்டர் கோத்த ஒன்றரை மீட்டர் ஒயர், நல்ல ஸ்பார்க் பிளக் ஒன்று.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது

பேட்டரி முனைகளின் ஸ்க்ரூவைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் அதுவே குற்றவாளியாக இருக்கலாம். வெள்ளை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். வண்டியை ஓட்டாமல் சில மணி நேரம் விட்டு அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் வெளியே சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த அளவும் நம்பத் தகுந்ததல்ல.

அடுத்து எர்த். மீட்டரை 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்திலேயே (ஒயர் முனையில் உள்ள உலோக வளையமான லக்கில் அல்ல) வையுங்கள்; மறுமுனையை இன்ஜின் உடலில் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். சாவியைப் போட்டு, ஹெட்லைட் எரியவிட்டு, ஹாரனை அழுத்துங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3 தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பிறகு அதே அளவை ஹெட்லைட் கூட்டின் உலோகத்திலும் பின் மட்கார்டிலும் எடுங்கள். புல்லட்டின் பின்விளக்குக்கு எர்த் பெரும்பாலும் மட்கார்டு வழியாகத்தான் போகிறது. மறு பெயின்ட் அடித்த வண்டியில் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருப்பதால் அது தொங்கலில் கிடக்கும்.

இதற்கு மருந்து எளிது. 4 சதுர மி.மீ. ஒயரில் இரண்டு பக்கமும் லக் அடித்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் கேஸின் ஒரு போல்ட்டுக்குக் கொடுங்கள். அங்கிருந்து 1.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்று ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் இன்னொன்று பின்விளக்குக்கும் போகட்டும். பல வருடப் புதிர் இதிலேயே முடிந்துபோவது உண்டு.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுபோகிறது, சிறிது நேரத்தில் தானாகச் சரியாகிறது

சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றால் கரண்ட். திக்கித் திணறி, ஓரிரு முறை இழுத்துவிட்டு நின்றால் பெட்ரோல் பக்கம் சந்தேகப்படுங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி இருபது நிமிடம் ஓடி நிற்கும். சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும். நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் காயிலைக் குறை சொல்ல வேண்டாம்.

கரண்ட்தான் என்று தோன்றினால், நின்ற அந்த நொடியில் சாவியை அணைக்காதீர்கள். சாவியைத் திருப்பிவிட்டால் தேய்ந்த ஸ்விட்ச் மறுபடி தொட்டுக்கொள்ளும், தடயம் போய்விடும். சாவி போட்டபடியே ஹாரனை அழுத்துங்கள்.

ஹாரனும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் காயிலுக்கு முன்பே கரண்ட் அறுந்திருக்கிறது. பேட்டரி முனை, ஃபியூஸ், ஆம்ப் மீட்டரின் பின்பக்க நட், சாவி ஸ்விட்ச் என்ற வரிசையில் பாருங்கள். ஹாரன் பலமாக அடித்தால் அவ்வளவு தூரம் நன்றாக இருக்கிறது. காயில், பாயிண்ட், ஹேண்டில்பாரில் கில் ஸ்விட்ச் இருந்தால் அது என்று தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஆம்ப் மீட்டர் பெரிய உதவி. அதைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை சாலையிலேயே முடிந்துவிடும். சாவி போட்டு, விளக்கெல்லாம் அணைத்து, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடும்போது காயில் வழியாக 3 முதல் 4 ஆம்பியர் போகும்; முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தால் பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை முதல் சுற்று (தாழ் வோல்ட் பாதை) முழுதும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போதும் பிளக்கில் ஸ்பார்க் இல்லையென்றால் கண்டன்சர், காயிலின் இரண்டாம் சுற்று (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்), பிளக் ஒயர், பிளக் கேப் இவற்றில் ஒன்று.

முள் நடுவை விட்டு அசையவே இல்லை என்றால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது அல்லது பாயிண்ட்டின் முகம் அழுக்காகியிருக்கிறது. மைனஸிலேயே நின்று நிமிர மறுத்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்ட்டுக்குப் போகும் ஒயர் உடலில் உரசி எர்த் ஆகிறது, அல்லது கண்டன்சர் உள்ளுக்குள் ஷார்ட். பாயிண்ட் மாற்றிய சில நாளில் இது ஆரம்பித்தால், பாயிண்ட் ஸ்ப்ரிங்குக்கு அடியிலும் மேலும் வரும் ஃபைபர் வாஷர்களின் வரிசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாஷர் இடம் மாறினாலும் இன்ஜின் அதிர்வில் உலோகத்தோடு உலோகம் தொட்டுத் தொட்டு விலகும்.

இனி மீட்டரால் உறுதிசெய்யலாம். சாவி போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் காயிலின் பாயிண்ட் பக்க முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே அளங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் பாயிண்ட் முகம் எண்ணெய் பட்டோ கருகியோ இருக்கிறது. பாயிண்ட்டுக்கு நடுவே ஒரு தபால் அட்டைத் துண்டை விட்டுத் திறந்த நிலையில் அளந்தால் முழுப் பேட்டரி வோல்ட் வர வேண்டும். அப்போது பூஜ்யம் காட்டினால், ஆம்ப் மீட்டர் மைனஸில் இருக்கும்பட்சத்தில் ஷார்ட். முள் அசையாமலிருந்தால் காயிலுக்கு வரும் கரண்ட்டோ காயிலின் முதல் சுற்றோ அறுந்திருக்கிறது.

பாயிண்ட்டைத் தேய்த்தால் அதன்பின் சுத்தமான அட்டையை நடுவில் விட்டு நாலைந்து முறை இழுத்துவிட வேண்டும். உப்புத்தாளின் துகள் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மறுநாளே வண்டி மிஸ் அடிக்கும் (இடையிடையே ஸ்பார்க் தவறும்). இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேம் மேல் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதனால் கேமில் பட்டாணியளவுகூட அல்ல, கடுகளவு கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துப் பாயிண்ட்டில் விழும்.

முள் பிழையைக் காட்டும் இன்னொரு நேரம் ஓட்டம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முள் துடித்து மைனஸின் கோடிக்குப் போய்வந்தால் எங்கோ ஒயர் ஷார்ட் ஆகிறது. வழக்கம்போலவே ஆடிக்கொண்டிருக்கையில் இன்ஜின் மட்டும் மிஸ் அடித்தால் பிளக் பக்கமோ பெட்ரோல் பக்கமோ பாருங்கள். பழைய ஆம்ப் மீட்டரின் பின்புற நட் அதிர்வில் தளர்வதும் உண்டு. வண்டியின் மொத்தக் கரண்ட்டும் அந்த இரண்டு ஸ்க்ரூ வழியாகத்தான் போகிறது. இறுக்கும் முன் பேட்டரி எர்த்தைக் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் கூட்டின் உடலில் பட்டால் அங்கே ஃபியூஸ் காப்பாற்றும் என்பது நிச்சயமில்லை.

அறிகுறி: ஹேண்டில்பார் திருப்பும்போது நிற்கிறது, அல்லது விளக்கு மினுக்குகிறது

சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஒரே இடத்தில் வந்து ஒவ்வொரு முறையும் தடுமாறினால் ஃப்ரேமின் கழுத்தருகே ஒயர் அறுந்திருக்கிறது. (கேபிள் இழுபட்டு ஆக்சிலரேட்டர் கூடுவது வேறு, அப்போது இன்ஜின் வேகம் ஏறும், இறங்காது.)

அந்த இடத்தில் ஒயரின் பிளாஸ்டிக் தோல் முழுசாகத்தான் இருக்கும். உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். ஒயர் கட்டின் மேலே சுற்றிய டேப்பைப் பிரித்து ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து நீவிக்கொண்டே வாருங்கள். நல்ல ஒயர் ஒரே விறைப்பாக இருக்கும். அறுந்த இடம் வந்ததும் அங்கே மட்டும் வாழைநார்போலத் தொய்ந்து மடங்கும். லேசாக இழுத்தால் தோல் ரப்பர்போல நீளும். கண்ணைவிட விரல்தான் இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

வெட்டிப் பார்க்கும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால் வெளுப்பான செம்பு வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, கிரிம்ப்பும் நிலைக்காது. வளைகிற இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைக்கவே கூடாது. ஈயம் முடியும் ஓரத்தில் ஒயர் விறைத்துப்போய் அடுத்த சில மாதத்தில் அங்கேயே முறியும். கழுத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் அசையாத இடம்வரை புது ஒயர் கொடுத்து, இணைப்பை அங்கே போட்டு, ஹீட் ஸ்லீவ் சுருக்குங்கள். ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பி ஒயர் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே கட்டுங்கள்.

ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் ஸ்னாப் கனெக்டர்களையும் அப்போதே கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்த பித்தளைக் குண்டு வெளியே இறுக்கமாகத் தெரியும், உள்ளே பாதிதான் தொட்டுக்கொண்டிருக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும். துடைத்தால் போகும் களிம்பென்றால் துடைக்கலாம். குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை மிகக் குறைவு.

அறிகுறி: சூடேறியதும் மிஸ் அடிக்கிறது, நின்றால் ஆறினால்தான் ஸ்டார்ட்

காயில் அல்லது கண்டன்சர். எதுவென்று ஆறிய வண்டியில் கண்டுபிடிக்க முடியாது. சூடாக நின்ற கையோடு பிளக் கேப்பை எடுத்து, கையிலுள்ள நல்ல பிளக்கில் மாட்டி, பிளக்கின் உடல் சிலிண்டர் ஹெட்டில் அழுந்தியிருக்கும்படி வைத்துக் கிக்கர் அடியுங்கள். கார்புரேட்டரிலிருந்து தள்ளி வையுங்கள், பெட்ரோல் கசிவு எங்கும் இருக்கக் கூடாது. நீலமும் வெள்ளையுமாகச் ‘சட்சட்’ என்று விழுந்தால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது. சிவந்து மெலிந்து விழுந்தால் இல்லை.

ஸ்பார்க் மெலிந்திருக்க, பாயிண்ட் கவரைத் திறந்து பார்த்தால் பாயிண்ட்டுக்கு நடுவே மட்டும் பெரிதாகப் பொறி பறந்தால் கண்டன்சர் போய்விட்டது. பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருப்பதும் கண்டன்சர் பொருந்தவில்லை என்பதற்கு அடையாளம். மாற்றாமலே சோதிக்கலாம்: பழைய கண்டன்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, புதியதைக் காயிலின் பாயிண்ட் பக்க முனைக்கும் எர்த்துக்கும் நடுவே கிளிப்பில் தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள். மதிப்பு 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை. வெளியே டேங்குக்கு அடியில் காயில் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்துவிடுவதும் நல்லதே. இன்ஜின் சூடு அங்கே அவ்வளவு எட்டாது.

கண்டன்சர் மாற்றியும் அதே கதை என்றால் காயில். முதல் சுற்று 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். ஆறிய நிலையில் அளவு சரியாக இருக்கிறது என்பதற்காகக் காயிலை நல்லது என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே விரிசல் விட்ட சுற்று, சூட்டில் விரியும்போதுதான் பிரியும். சூடாக நின்ற உடனே ஆம்ப் மீட்டர் நன்றாகச் சாய்ந்து நிமிர்கிறது, கண்டன்சர் புதியது, பிளக்கும் கேப்பும் மாற்றியாயிற்று, இன்னும் ஸ்பார்க் இல்லை என்றால் அப்போது காயிலுக்குக் காசு கொடுங்கள்.

புதுக் காயிலும் சீக்கிரம் போனால் பழக்கத்தைப் பாருங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருக்க, சாவியை மட்டும் போட்டு வைத்தால் காயிலுக்குள் 40 வாட்டுக்கும் மேல் வெப்பமாக இறங்கிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் சாவி போட்டு விளக்கைச் சோதிப்பதாக இருந்தால் காயில் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

அறிகுறி: மழையிலும் வாட்டர் வாஷுக்குப் பிறகும் மட்டும் தகராறு

இரவில், விளக்கில்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர் மேலும் கேப் மேலும் பாட்டிலால் நீரைத் தூவுங்கள். ஹை டென்ஷன் (பிளக்குக்குப் போகும் உயர் வோல்ட்) எங்கே கசிகிறதோ அங்கே நீல நூல்போல ஓடுவது தெரியும். கையால் தொடாதீர்கள். கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயரின் முனையை 5 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி திருகினால் பல சமயம் போதும். ஒயரின் தோல் வெடித்திருந்தால் டேப் சுற்றிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இதில் எதுவும் தெரியாவிட்டால் பாயிண்ட் கவரின் பேக்கிங்கைப் பாருங்கள். உள்ளே வியர்த்தாலே பாயிண்ட் படுத்துவிடும்.

அறிகுறி: ஃபியூஸ் எப்போதாவது போகிறது

பெரிய ஃபியூஸ் போடுவதும் சிகரெட் தாள் சுற்றுவதும் ஒயரிங்கை எரிக்கும் வேலை. ஃபியூஸுக்குப் பதில் அந்த இடத்தில் 21 வாட் டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்கள். ஷார்ட் ஆனாலும் அதன் வழியே 2 ஆம்பியர்கூடப் போகாது, ஒயர் பிழைக்கும். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, சாவி போட்டு, ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுக்கொண்டே ஒயர் கட்டை அசையுங்கள். டெஸ்ட் லேம்ப் திடீரென்று முழுப் பிரகாசமாக எரிகிற இடம்தான் ஷார்ட். முதலில் கழுத்து, பிறகு டேங்கின் அடி விளிம்பு, சீட் போல்ட், பின் மட்கார்டுக்கு உள்ளே டயர் உரசுமிடம், பின்விளக்கின் ஒயர் நுழையும் ஓட்டை. ஓட்டையில் ரப்பர் கிராமெட் இல்லையென்றால் தகடு கத்தியாகிவிடும்.

கண்ணாடி ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். கம்பி முனை உலோக மூடிக்குள் ஈயத்திலிருந்து விட்டுப்போயிருக்கும், வெளியே தெரியாது. கையில் ஆட்டிக்கொண்டே மீட்டரில் அளங்கள். ஹோல்டரின் பிடி தளர்ந்து கறுத்திருந்தால் பிளேடு ஃபியூஸ் ஹோல்டராக மாற்றிவிடுவது நல்ல முடிவு. ஃபியூஸின் ஆம்பியர் மட்டும் முன்பிருந்ததே இருக்கட்டும்.

அறிகுறி: பேட்டரி சில நாள் இறங்குகிறது, சில நாள் இறங்குவதில்லை

இரண்டு கேள்வி: ஓடும்போது ஏறவில்லையா, நிற்கும்போது கசிகிறதா?

கசிவைப் பார்க்க, சாவி அணைத்து, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் ரேஞ்சில் மாட்டுங்கள். எலெக்ட்ரானிக் சாமான் எதுவும் இல்லாத வண்டியில் பூஜ்யம்தான் வர வேண்டும். 50 மில்லி ஆம்பியர் காட்டினால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர் போகிறது. 5 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலே நாளில் காலி. ரெக்டிஃபையரின் கனெக்டரை உருவியதும் கசிவு நின்றால் உள்ளே டயோடு கசிகிறது. நிற்காவிட்டால் பிற்பாடு சேர்த்த சார்ஜர், அலாரம் போன்றவற்றைக் கழற்றிப் பாருங்கள்.

சார்ஜைப் பார்க்க, பேட்டரி முனையில் மீட்டரை வைத்து இன்ஜினை நடுத்தர வேகத்துக்கு ஏற்றுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் நன்று. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) கெட்டுவிட்டது, அல்லது அதன் எர்த் கெட்டுவிட்டது. முதலில் அதைக் கழற்றி அடியிலுள்ள பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். 13-ஐயே தொடவில்லையென்றால் மேக்னட்டிலிருந்து வரும் சார்ஜிங் ஒயர்களைக் கழற்றி ஏ.சி. ரேஞ்சில் அளங்கள். வேகம் கூடக் கூட வோல்ட்டும் சீராக ஏற வேண்டும். அளந்துகொண்டே ஒயரை அசையுங்கள். விட்டுவிட்டு விழுந்தால் ஒயரில் பிழை.

அந்தப் பிழை பெரும்பாலும் பிரைமரி செயின் கேஸுக்குள்ளிருந்து (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினின் கூடு) ஒயர் வெளியே வருமிடத்தில் இருக்கும். உள்ளே சூடான ஆயிலில் வருடக்கணக்கில் ஊறி ஒயரின் தோல் பிஸ்கட்போல் நொறுங்கும். கவரைத் திறந்தால் ரோட்டருக்கும் (சுழலும் காந்தம்) ஸ்டேட்டருக்கும் (அசையாத சுருள்) நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. பீலர் கேஜ் தடையின்றிப் போக வேண்டும். ஒரு பக்கம் உரசிய பளபளப்பு இருந்தால் ஸ்டேட்டர் நடுவில் இல்லை. ரோட்டரின் நட்டையும் பாருங்கள். தளர்ந்தால் கன்ராட் (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) அடிப்பதுபோலவே சத்தம் வரும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. பேட்டரிதான் வோல்ட் எகிறாமல் அணைகட்டி நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் ரெகுலேட்டரும் பல்பும் சேர்ந்து போகும். பல்பு அடிக்கடி கருகுகிறது என்று வருகிற வண்டிகளில் பேட்டரி முனை ஓட்டத்தில் தளர்ந்து தளர்ந்து தொடுவது ஒரு முக்கியக் காரணம்.

அறிகுறி: விளக்குகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்துகொள்கின்றன

பிரேக் பிடித்தால் இன்டிகேட்டர் மங்கலாக எரிவது, இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு சேர்ந்து துடிப்பது, இரண்டும் ஒரே நோய்: பின்விளக்குக்கு எர்த் இல்லை. கரண்ட் திரும்பிப்போக வழியில்லாமல் அடுத்த பல்பின் வழியே போகிறது. தனி எர்த் ஒயர் கொடுங்கள்.

இன்டிகேட்டர் வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது அல்லது வாட் குறைந்த பல்பு போட்டிருக்கிறது. ஐடிலில் மட்டும் மெதுவாகத் துடித்தால் வோல்ட் குறைவு.

ஹெட்லைட் மங்கினால், எரியவிட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் பாசிட்டிவ் பின்னுக்கும் நடுவே அளங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் போகட்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் என்றால் டிம்-பிரைட் ஸ்விட்ச், லைட் ஸ்விட்ச், சாவி ஸ்விட்ச் மூன்றுக்கும் குறுக்கே தனித்தனியாக அளந்தால் எது சாப்பிடுகிறது என்று தெரியும். பல்புக்கு வரும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இதற்கு 100 வாட் பல்பு போடுவது தீர்வல்ல. எட்டு ஆம்பியருக்கு மேல் இழுத்து அந்தப் பழைய ஸ்விட்சை உருக்கிவிடும். ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு நேராகக் கரண்ட் கொடுங்கள்.

சாலையில் நின்றுவிட்டால்

ஃபியூஸ் கோத்த அந்த ஒன்றரை மீட்டர் ஒயரை எடுங்கள். காயிலின் சாவி பக்க முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றி ஓரமாக டேப் சுற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து அந்த முனைக்கு நேராகக் கொடுங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும். இப்போது கிக்கரில் ஸ்டார்ட் ஆகி, முன்பு நின்றதுபோல நிற்காமல் ஓடினால் பிழை சாவி ஸ்விட்ச், ஆம்ப் மீட்டர், கில் ஸ்விட்ச், அவற்றுக்கிடையேயான ஒயர் இவற்றுக்குள்தான். காயிலும் பாயிண்ட்டும் நிரபராதிகள். அப்படியும் நின்றால் காயிலுக்கு அந்தப் பக்கம் தேடுங்கள். பேட்டரி முனையும் எர்த்தும் மட்டும் இரண்டிலும் சேராதவை. அவற்றை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

இப்படி ஓட்டும்போது சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றுவது) பிடித்து நிறுத்துங்கள். நின்ற உடனே பேட்டரியிலிருந்து அந்த ஒயரைக் கழற்றிவிடுங்கள், டீ குடிக்க ஐந்து நிமிடம் இறங்குவதாக இருந்தாலும். இல்லையென்றால் பாயிண்ட் மூடிய நிலையில் காயில் வெந்துகொண்டே இருக்கும்.